விழுவதற்கு விடும் இடம்

மார்ச் 7, திங்கள்

வெயில் இப்போதே சுள்ளென்று. டியூட்டி இல்லை. வண்டி புத்தூர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது, பின்படி வளைந்தபடியே.

செய்தவை: காக்கிச் சட்டை துவைத்தது. செருப்புக்கு வார் தைத்தது. வெற்றிலை, சோப்பு. மதியம் சோறு இறங்கவில்லை.

இது கம்பெனி கொடுத்த டைரி. டிரிப் நேரம் தவிர இதில் எதுவும் எழுதியதில்லை. இனிமேல் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஹெட்கான்ஸ்டபிளிடம் நான் சொன்னதை நானே நம்பிவிடுவேன். சனிக்கிழமை சொன்னது. இன்று திங்கள். அதற்குள் பாதி நம்பியாயிற்று.

நடந்தது இது. சனிக்கிழமை காலை, திருத்தணியிலிருந்து திருப்பதி வரும் டிரிப். நகரி தாண்டி, புத்தூருக்கு முன்னால், மதகுக்கு அப்புறம் உள்ள இறக்கம். சந்தை நாள். ரோடு முழுக்க சைக்கிள்.

எங்கள் வண்டியில் டிரைவருக்கு இடது பக்கம் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. கண்ணாடி வலது பக்கம் மட்டும். சைக்கிளைத் தாண்டும்போது பின்படியில் நிற்கிற கண்டக்டர் தலையை வெளியே நீட்டிப் பார்க்க வேண்டும். வண்டியின் வால் முழுக்கத் தாண்டிய பிறகு தகரத்தில் இரண்டு தட்டு. அதைக் கேட்ட பிறகுதான் டிரைவர் இடப்பக்கம் ஒடிப்பார். ஒரு நாளைக்கு நூறு முறை தட்டுகிறேன். ஆறு வருஷமாக.

சனிக்கிழமையும் தட்டினேன். பார்க்கவில்லை.

உள்ளே ஒரே சண்டை. அடுத்த மாதம் திருத்தணி தெலுங்கு ராஜ்யத்தை விட்டு மதராஸ் பக்கம் போகிறது அல்லவா, அதுதான். திருத்தணி ஆள் ஒருவன், "நாங்க பொழச்சோம்" என்கிறான். நகரி ஆள் எழுந்து நின்று, "நாங்களும் தமிழுதான் பேசறோம், நாங்க இன்னா பாவம் பண்ணோம்?" என்கிறான். புத்தூர் தெலுங்குக்காரர் ஒருவர் தமிழிலேயே இரண்டு பேரையும் திட்டுகிறார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. படிக்கு முதுகைக் காட்டி நின்று, "உங்க ஊரு பேர எழுதற பலகையத்தான் மாத்துவான், ரோட்டுல இருக்கற குழியையா மாத்துவான்?" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமை. அந்தச் சிரிப்பிலேயே கை பின்னால் போய்த் தகரத்தில் இரண்டு தட்டியது.

தாண்டியிருக்கும் என்று கைக்கு ஒரு கணக்கு. எப்போதும் சரியாக வரும். அன்று இறக்கம், சைக்கிள்காரன் வேகமாக வந்திருக்கிறான். பாதி வண்டிதான் தாண்டியிருந்தது.

அப்புறம் அந்தச் சத்தம். அதை எழுத முடியாது.

ஹெட்கான்ஸ்டபிள் கேட்டார்: "பாத்துட்டுத்தான் தட்டினியா?"

"பாத்துட்டுத்தான் சார்."

யோசிக்கவே இல்லை. தகரத்தில் தட்டியதைப் போலவே வாய் சொல்லிவிட்டது.

மார்ச் 8, செவ்வாய்

காலை பனி, பிறகு வெயில். டிரைவர் முனிரத்தினம் அண்ணன் வீட்டுக்குப் போனேன் (இனி மு.அ.). அவர் சவரம் செய்திருக்கவில்லை. அவர் சம்சாரம் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய் அழுதது கேட்டது.

மு.அ. மாதிரி டிரைவர் இந்த லைனில் கிடையாது. முகஸ்துதி இல்லை. மற்றவர்கள் சைக்கிளை ஒரு சாண் விட்டுத் தாண்டுவார்கள், ஹாரன் அடித்துப் பயமுறுத்தி மண்ணில் இறக்குவார்கள். இவர் மாட்டார். புதிதாக வருகிற ஆளுக்கெல்லாம் ஒன்றுதான் சொல்வார்: "சைக்கிள்காரன் எப்ப வேணா விழுவான். அவன் விழற எடத்த வுட்டுட்டுத் தாண்டு. ஒரு ஆள் நீட்டிப் படுக்கற எடம். அந்த எடம் அவனோடது, நம்மளது இல்ல." எதிரே லாரி வந்தால் சைக்கிள் பின்னாலேயே மெதுவாக ஊர்வார். பாசஞ்சர் திட்டுவான். காதில் வாங்க மாட்டார். பதினெட்டு வருஷம், ஒரு கோழி அடிபட்டதில்லை.

இன்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நீ தட்டும்போது வால் தாண்டியிருந்துச்சா?"

"தாண்டியிருந்துச்சுண்ணே."

தலையை ஆட்டினார். "அப்பிடின்னா நாந்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டேன்."

காபி ஆறிவிட்டது. குடித்தேன்.

மார்ச் 10, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகக்கூடாது என்றுதான் கிளம்பினேன், கால் போய்விட்டது.

அவன் பெயர் ஏகாம்பரம். முப்பத்தைந்து இருக்கும். கத்திரிக்காய் போடுகிறவன். கேரியரில் குறுக்கே பலகை கட்டி, பலகையின் இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டுச் சந்தைக்குப் போவான். வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஜுரம்.

பக்கத்தில் அவன் சம்சாரம் கன்னியம்மா. கையில் ஒரு சீட்டு. தெலுங்கில் இருந்தது. "இத்த கொஞ்சம் படிச்சி சொல்லு நைனா" என்றாள். மருந்துச் சீட்டு. படித்துச் சொன்னேன். வாங்கியும் வந்தேன். பன் இரண்டு, ஆரஞ்சு நாலு.

"நீ யாரு நைனா? எந்த ஊரு?"

"பஸ்ஸுல வந்தவன்மா."

பொய் இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

ஏகாம்பரம் கண் திறந்தான். போலீஸ் வந்தபோதெல்லாம் நினைவில்லாமல் கிடந்தானாம். இன்று பேசினான். வாய் உலர்ந்து, மெதுவாக. "நான் ஓரமாத்தான் போய்க்கினு இருந்தேன். டிரைவரு நல்லா எடம் வுட்டாரு. பாதி வண்டி தாண்டிச்சி. அப்பறம் வண்டி எம் மேல வந்துட்ச்சி. ஏன் வந்துச்சி?"

கன்னியம்மா என் கையைப் பிடித்தாள். "நீ படிச்சவன். அது சொல்றத எழுதி வையி நைனா. போலீஸ்காரன் வந்தா காட்டலாம்."

டைரி பையில் இருந்தது. அவள் கண் முன்னால் எடுத்து எழுதினேன். மேலே இருப்பது அதுதான், அவன் சொன்ன வார்த்தை, ஒன்றும் கூட்டவில்லை. அவன் முன்னால் படித்தும் காட்டினேன். "ஆமா" என்றான்.

கிளம்பும்போது அவள் சொன்னது: "அந்த டிரைவரு கையி அழுவிப் போவணும்."

என் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.

மார்ச் 11, வெள்ளி

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். ஃபேன் காற்று, சாமி படம், ஊதுபத்தி. மு.அ. நின்றிருந்தார், நானும்.

முதலாளிக்குக் கவலை வேறு. அடுத்த மாதத்திலிருந்து திருத்தணிக்கு வண்டி விட மதராஸ்காரர்களிடம் பர்மிட் கேட்க வேண்டும். கேஸ் இருந்தால் கொடுப்பார்களா?

"கண்டக்டர் ஸ்டேட்மெண்ட் நல்லா கீது. வால் தாண்டிட்ச்சி, பாத்துட்டுத்தான் தட்டினான். அப்போ சைக்கிள்காரன்தான் வண்டிக்குள்ள வந்துட்டான். காலையிலியே கள்ளு குடிச்சிருப்பான். முனிரத்தினம், நீயும் அப்பிடியே சொல்லிடு. முடிஞ்சிது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்ன பொய் என்னை மட்டும் காப்பாற்றிவிட்டு நிற்கவில்லை. வால் தாண்டியிருந்தால் குற்றவாளி இரண்டே பேர்தான் இருக்க முடியும். டிரைவர், இல்லை என்றால் காலை இழந்து கிடக்கிறவன்.

மு.அ.: "அவன் நேராத்தான் போய்க்கினு இருந்தான் மொதலாளி. முன்னால தாண்டும்போது நான் பாத்தேன். குடிச்சவன் அப்பிடிப் போவமாட்டான்."

"அப்போ யாரு தப்பு?"

"என் தப்பாத்தான் இருக்கணும்."

முதலாளி மேஜையைத் தட்டினார். நல்ல வேளை, என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன்.

மார்ச் 13, ஞாயிறு

மு.அ. வந்து கூப்பிட்டார், "வா, அந்த எடத்துக்குப் போய்ட்டு வரலாம்." வேறு கம்பெனி வண்டியில் போய் மதகில் இறங்கினோம். நல்ல உச்சி வெயில். தார் இளகிக் காலில் ஒட்டியது. ஓரத்தில் நசுங்கிய கத்திரிக்காய் காய்ந்து கிடந்தது, விதையெல்லாம் தெரிய.

பிரேக் இன்ஸ்பெக்டர் புதன்கிழமையே வந்து டேப் பிடித்துவிட்டுப் போயிருந்தார். "எந்த்த தூரம் வதிலாவ்?" எவ்வளவு தூரம் விட்டாய் என்று அவர் தெலுங்கில் கேட்டாராம், இவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம். அடிக்கணக்கு மு.அ.வுக்கு வராது.

சைக்கிள் போன தடத்தைக் காட்டினார். அந்தத் தடத்தில் தலையை வைத்து ரோட்டுக்குக் குறுக்கே மல்லாந்து படுத்தார். காக்கிச் சட்டையோடு, கொதிக்கிற தாரில்.

"என் காலு எங்க முடியுதோ அங்க ஒரு கல்லு வையி."

வைத்தேன்.

"அந்தக் கல்லுக்கு அந்தாண்டதான் என் வண்டி இருந்துச்சி. இத்தினி எடம் வுட்டேன். என் புள்ளைங்க மேல சத்தியம்." அப்படியே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். ஒரு மாட்டு வண்டி வந்தது. வண்டிக்காரன் நிறுத்தி, "இன்னா சாமி, சாவப் போறியா? ஓரமாப் போய் சாவு" என்றான். மு.அ. எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார். சட்டையில் தார். அது போகாது.

கல்லைப் பார்த்தபடி நின்றார். பிறகு மதகைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "இங்க எறக்கம் இல்ல? அவன் மிதிக்காமயே வேகமா வந்திருப்பான். தாண்டறதுக்கு எப்பவும் ஆவறத வுட நேரம் ஆயிருக்கும்."

"ஆமாண்ணே."

"அன்னிக்கு வண்டியில ஒரே சத்தம்."

"ஆமாண்ணே."

"ஒங் கொரலு என் சீட்டு வரிக்கும் கேட்டுச்சி. எல்லாம் சிரிச்சாங்க."

கல்லை எடுத்து ஓரமாகப் போட்டேன். யார் சைக்கிளாவது ஏறிவிடக்கூடாது. அவரும் நானும் திரும்பினோம். புத்தூரில் எனக்கும் சேர்த்து மோர் வாங்கினார்.

மார்ச் 16, புதன்

மேகமூட்டம். மழை இல்லை.

ஏகாம்பரம் காலை ஆறு மணிக்குப் போய்விட்டான். நேற்றே ரண ஜன்னி வந்து தாடை இறுகிவிட்டதாம். டாக்டர் தன்னால் ஆனதைச் செய்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். போலீஸ் வந்து வாக்குமூலம் எடுக்க வியாழன் என்று சொல்லியிருந்தார்களாம். நாளைதான் வியாழன்.

பிணத்தை எடுத்துப் போக ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கன்னியம்மா என்னைத்தான் தேடினாள். நான் எழுதினேன். அவள் கட்டைவிரலை நான்தான் மையில் அழுத்தினேன். சாட்சி என்ற இடத்தில் என் பெயர், என் கையெழுத்து.

"அது சொன்னத எழுதி வச்சிருக்க இல்ல நைனா?"

"இருக்கும்மா."

"பத்திரமா வையி."

இப்போது அவன் சொன்னது இந்த டைரியில் மட்டும்தான் இருக்கிறது. பாதி வண்டி தாண்டிச்சி. வேறு எங்கும் இல்லை. கிழித்துப் போட்டால் அதுவும் இல்லை. இரண்டு முறை அந்தப் பக்கத்தைப் பிடித்துப் பார்த்தேன். நான் எவ்வளவு கேவலமானவன் என்று தெரிந்துகொள்ள அது போதும்.

ஏப்ரல் 4, திங்கள்

திருத்தணி மதராஸ் பக்கம் போயாயிற்று. எங்கள் வண்டி இனி நகரி வரைதான், பர்மிட் வரவில்லை. நகரியில் எல்லோரும் இறங்கி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வேறு வண்டி தேடுகிறார்கள். சண்டை இல்லை. சண்டை போட்டவர்களையும் காணோம். போன மாதம் உலகமே அதில்தான் நிற்கிறது போலக் கத்தினோமே.

புது டிரைவர். சின்ன வயசு, தலையில் ஏகப்பட்ட எண்ணெய். சைக்கிளை உரசிக்கொண்டு போகிறான். "கொஞ்சம் எடம் வுடுப்பா" என்றேன். "அவனுக்கு இன்னாத்துக்கு எடம்? ஓரம் இருக்கு இல்ல, எறங்கட்டும்" என்றான்.

நான் இப்போது ஒவ்வொரு சைக்கிளுக்கும் படியில் தொங்கிப் பார்க்கிறேன். வால் தாண்டினாலும் தட்ட வரவில்லை. நன்றாகப் பின்னால் போய், சைக்கிள்காரன் முகம் தெரியாமல் சின்னதாகிற வரை பார்க்கிறேன். இன்று அப்படிப் பார்த்துக்கொண்டே நின்றதில் வண்டி வலப்பக்கமே போய்க்கொண்டிருந்தது, எதிரே லாரி. புது டிரைவர் பிரேக் போட்டுக் கத்தினான்: "தட்டுய்யா! தூங்கறியா?"

பாசஞ்சர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பல் வலி வேறு.

மே 22, ஞாயிறு

கத்திரி வெயில். சம்மன் வந்துவிட்டது. ஜூன் 20, காலை பத்தரை. முதல் சாட்சி நான்.

மு.அ. லைசென்ஸ் போலீஸிடம். நெல் மண்டியில் மூட்டை எண்ணுகிறார். தெருவில் பார்த்தால் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் இப்போது சுற்று வழியில் போகிறேன்.

சொல்லிவிடலாம். சொன்னால்: வேலை போகும். போலீஸில் பொய் சொன்னதற்கு வேறு தனியாகக் கேஸ். என் சம்சாரம் சரோஜாவுக்கு வயிற்றில் ஆறு மாதம். (எழுதும்போது பார்க்கிறேன், நான் போட்ட பட்டியலில் ஏகாம்பரமும் இல்லை, மு.அ.வும் இல்லை.)

ஜூன் 19, ஞாயிறு

சாயங்காலம் தூறல். மண் வாசனை. தீர்மானம் பண்ணிவிட்டேன். சரோஜாவிடம் சொன்னேன், முழுக்க. அடுப்பைத் தணித்தாள். பிறகு, "மூணு மாசமா நீ ஒயுங்கா துன்னல, அதான் இன்னாவோன்னு இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். சட்டையை எடுத்து வைத்தாள்.

நாளை சொல்ல வேண்டியது: பார்க்கவில்லை. படியில் நிற்கவில்லை. பேச்சில் தட்டிவிட்டேன். அவன் கடைசியாகச் சொன்னது இதோ.

மார்ச் 10 பக்கத்தில் ஒரு ஓலைத்துண்டு வைத்திருக்கிறேன்.

மூன்று மாதத்தில் முதல் முறையாகப் பசி. மூன்று தோசை.

ஜூன் 20, திங்கள்

கோர்ட் வராந்தாவில் பத்து மணிக்கே. டைரி பையில். கன்னியம்மா இரண்டு பிள்ளைகளோடு தூணோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தினாள். "இவருதான். உங்க நைனா பேசினத எழுதி வச்சவரு. கும்புடு போடுங்க." இரண்டும் கைகூப்பின.

பதினொன்றரைக்கு டவாலி பெயர் கூப்பிட்டான். மு.அ. உள்ளே போனார். சாட்சியை வெளியிலேயே நிற்கச் சொன்னார்கள். கதவு திறந்துதான் இருந்தது. கேட்டது எல்லாம்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள்.

"ஒத்துக்கறேன் சாமி. ஸ்டீரிங்கு என் கையில இருந்துச்சி. தாண்டறதுக்கு முன்னாடியே நான் ஒடிச்சிட்டேன். அந்த ஆளு நேராத்தான் போய்க்கினு இருந்தாரு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல, அத்த நல்லா எழுதிக்குங்க."

வக்கீல் ஏதோ தடுத்தார். மு.அ. கேட்கவில்லை. ஆறு மாதம் ஜெயில். லைசென்ஸ் ரத்து. மாஜிஸ்டிரேட் பேனாவை மூடினார். டவாலி வெளியே வந்து என்னைப் பார்த்து, "சாட்சி தேவையில்ல, போலாம்" என்றான்.

நான் ஒரு அடி உள்ளே வைத்தேன். டைரியை வெளியே எடுத்தேன். அடுத்த கேஸ் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஏதோ ஆடு திருட்டு. நாலு பேர் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். கத்தியிருக்கலாம். பஸ்ஸில் அத்தனை பேருக்கு நடுவில் கத்தத் தெரிந்தவன்தானே.

கான்ஸ்டபிள் மு.அ.வை வராந்தா வழியாகக் கூட்டி வந்தார். அதே காக்கிச் சட்டை, முதுகில் தார்க்கறை. என் எதிரே வந்ததும் நின்றார். என் கையில் இருந்த டைரியைப் பார்த்தார், ஓலைத்துண்டைப் பார்த்தார்.

"அண்ணே, நான்..."

"தெரியும்பா. அந்த எறக்கத்துலியே தெரியும்."

ஓலைத்துண்டு வைத்த பக்கத்தைப் பிரித்தேன்.

"தட்டினது நீன்னாலும் ஒடிச்சது நாந்தானே. ஒனக்கும் கொழந்த பொறக்கப் போவுது." தோளில் கை வைத்தார். கோபமே இல்லாத குரல். "இனிமே பாத்துத் தட்டு."

படி இறங்கிப் போனார்.

கன்னியம்மா பின்னால் வந்து கேட்டாள், "அந்தாளு ஒன்னாண்ட இன்னா நைனா சொன்னான்?"

"டிரிப்புக்கு நேரமாச்சும்மா" என்று டைரியைப் பைக்குள் போட்டேன். இரண்டரை மணி நகரி டிரிப்புக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள்.